விலையும் மாண்பும்: பழவேற்காட்டு வரலாற்றின் ஒளியில் கான்ட் கூறும் அறவிதி

அறிவொளிக் காலத்து மெய்யியலை நம் இறையியல் மாணவர் பெரும்பாலும் ஐரோப்பாவுக்குள் மட்டுமே நடந்த ஓர் உரையாடலாகக் கற்கின்றனர். கோனிக்ஸ்பெர்க் நகரத்துப் பேராசிரியர் இம்மானுவேல் கான்ட் கூறிய நிபந்தனையற்ற கட்டளை தேர்வுக்காக மனப்பாடம் செய்யப்படுகிறது. தேர்வு முடிந்ததும் மறக்கப்படுகிறது. அறவிதி, சுதந்திரம், செய்முறைப் பகுத்தறிவு என்னும் சொற்கள் நம் சபை மக்களின் வாழ்வோடு தொடர்பற்றவை என்று நாமே முடிவுகட்டி விடுகிறோம்.

இம்முடிவு தவறானது என்பதைக் காட்டச் சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பழவேற்காடு போதும். இவ்வேரிக்கரை ஊரின் வரலாறு மூன்று வகையில் நம் பொருளைத் தொடுகிறது. மனிதர் விலைக்கு விற்கப்பட்ட துறைமுகம் இது. இந்திய நீதிமொழிகள் ஐரோப்பிய மொழிக்கு முதன்முதல் பெயர்ந்து சென்ற வாசலும் இதுவே. மீனவர் தமக்குத் தாமே விதி வகுத்துக்கொண்டு வாழ்ந்துவரும் இடமும் இதுவே. இம்மூன்றையும் சேர்த்து நோக்கினால், அறவிதியை அறியாமையைவிட, அறிந்த விதியிலிருந்து தனக்கு மட்டும் விலக்களித்துக் கொள்வதே மனிதனின் பெருங்கேடு என்பது விளங்கும்.

1. கோட்டையும் சந்தையும்

1602-இல் நிறுவப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடபதியின் இசைவு பெற்று 1610-இல் பழவேற்காட்டில் வணிகம் தொடங்கியது. 1613-இல் அங்குக் கட்டப்பட்ட கோட்டைக்குக் கெல்டிரியா என்று பெயரிட்டனர். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாற்றப்படும்வரை, சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரின் ஆட்சி இங்கிருந்தே நடைபெற்றது. இங்கிருந்து சென்ற துணியின் நினைவு இன்றும் அழியவில்லை. மலாய் மக்கள் உடுத்தும் கட்டம்போட்ட கைலிக்கு இவ்வூரின் பெயரே வழங்குகிறது.

ஆனால் கப்பலேறியது துணி மட்டுமன்று. பத்தாவியாவைக் கட்டவும் தீவுகளின் தோட்டங்களில் உழைக்கவும் கம்பெனிக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். 1622–23-இல் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து ஏறத்தாழ 1,900 பேர் அடிமைகளாக அனுப்பப்பட்டனர். கையில் பணமிருந்திருந்தால் இன்னும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம் என்று கரையிலிருந்த அதிகாரிகள் குறைபட்டுக் கொண்டனர். 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியைப் போரும் பஞ்சமும் வாட்டியபோது, நாகப்பட்டினம், பழவேற்காடு உள்ளிட்ட இடங்களில் 8,000 முதல் 10,000 பேர் வரை வாங்கப்பட்டதாக வரலாற்றாய்வாளர் கணக்கிடுகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் இலங்கைக்கும், சிலர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பப்பட்டனர்.

பஞ்ச காலத்தில் பெற்றோர் பிள்ளைகளை விற்றனர். சிலர் தம்மையே விற்றுக்கொண்டனர். வாங்கியவர்கள் இதில் குற்றம் காணவில்லை. விற்பவன் இசைந்தான், வாங்குபவன் விலை கொடுத்தான், பட்டினியால் சாக இருந்தவன் உயிர் பிழைத்தான் என்று அவர்கள் வாதாட முடிந்தது. இவ்வாதத்தை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைத் தோட்டம் இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதன் வாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. உள்ளே வணிகரின் பெயர்களும் அவர்தம் மனைவி மக்களின் பெயர்களும் கருங்கல்லில் அழகுறப் பொறிக்கப்பட்டுள்ளன. அதே துறையில் கப்பலேறியோரின் பெயர்களைத் தாங்கிய கல் ஒன்றும் அங்கில்லை.

2. ரொஜேரியுஸும் பத்மநாபனும்

இக்கோட்டையில் 1632 முதல் பத்தாண்டுகள் குருவானவராகப் பணியாற்றியவர் ஆபிரகாம் ரொஜேரியுஸ். லெய்டனில் இறையியல் பயின்ற இவர், பழவேற்காட்டில் பத்மநாபன் என்னும் பிராமணருடன் நெருங்கிப் பழகினார். இருவரும் உரையாடியது போர்த்துக்கீசிய மொழியில். பத்மநாபன் விளக்கிக் கூறியவற்றை ரொஜேரியுஸ் பொறுமையோடு எழுதி வைத்தார். ஊர் திரும்பிய அவர் 1649-இல் இறந்தார். அவருடைய நூல் 1651-இல் லெய்டனில் வெளிவந்தது. மறைந்திருக்கும் புறச்சமயத்தைக் காணத் திறந்த கதவு என்னும் பொருள்படும் தலைப்பு அதற்கு இடப்பட்டது.

அந்நூலில் பர்த்ருஹரியின் வைராக்கிய சதகமும் நீதி சதகமும் டச்சு மொழியில் இடம்பெற்றன. வடமொழி இலக்கியம் ஐரோப்பிய மொழியொன்றில் அச்சேறியது இதுவே முதல் முறை என்பர். 1663-இல் ஜெர்மானிய மொழிபெயர்ப்பும் 1670-இல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் வெளிவந்தன. ஒரு நூற்றாண்டுக்குப்பின் ஹெர்டர் என்னும் அறிஞர் இவ்வாக்குகளை எடுத்தாண்டு, பிராமணர் சிலரின் சிந்தனைகள் என்று 1792-இல் வெளியிட்டார். இந்த ஹெர்டர் 1762 முதல் 1764 வரை கோனிக்ஸ்பெர்க்கில் கான்ட்டின் வகுப்பில் அமர்ந்து கற்ற மாணவர். கான்ட் பழவேற்காட்டு நூலைப் படித்தார் என்று நாம் கூறவில்லை. எனினும், வேதாகமத்தை அறியாத மக்களும் அறத்தை அறிந்திருக்கின்றனர் என்னும் செய்தியை அவர் காலத்து ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்ற வழிகளுள் பழவேற்காடும் ஒன்று.

பவுல் அப்போஸ்தலன் ரோமர் 2:14–15 வசனங்களில் கூறுவதற்கு இது ஒரு சான்றாயிற்று. நியாயப்பிரமாணம் பெறாதவரின் இருதயத்திலும் அதன் கிரியை எழுதப்பட்டிருக்கிறது. மனச்சாட்சியும் அதற்குச் சாட்சியிடுகிறது. ஆனால் இன்னொன்றையும் நாம் காண வேண்டும். ரொஜேரியுஸின் நூல் பிராமணரின் வாழ்க்கை முறையையும் சமய நம்பிக்கையையும் ஆராய்வது. துறைமுகத்தில் விலை பேசப்பட்டோர் அதன் பொருளாக அமையவில்லை. அவர் வருமுன்னும் சென்ற பின்னும் மனித வணிகம் நடந்தது. பிற சமயத்தாரின் நீதிமொழிகளை அவ்வளவு கவனமாகக் கேட்ட காலத்திலேயே, அதே கம்பெனி மனிதரைச் சரக்காகக் கணக்கெழுதியது. அறத்தைப் பற்றிய அறிவு பெருகினாலும் அறச்செயல் தானாகப் பெருகுவதில்லை.

3. ஹாலே நகரில் எழுந்த வழக்கு

1706-இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்க் ஐயர் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை 1708-இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தமிழரின் நல்லொழுக்க உணர்வைத் தாய்நாட்டார் அறியவேண்டும் என்பது அவருடைய விருப்பம். ஆயினும் அவை 1930 வரை அச்சேறவில்லை.

அதே மிஷனுக்குத் தாயகமாய் விளங்கிய ஹாலேயில் 1721-இல் கிறிஸ்தியான் வொல்ஃப் என்னும் மெய்யியலார் சீனரின் அறநெறி பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். வெளிப்பாட்டின் துணையின்றியே கன்பூசியஸ் வழியினர் பகுத்தறிவால் நல்லொழுக்கத்தை அறிந்திருந்தனர் என்றார். பக்திநெறி இறையியலார் கொதித்தெழுந்தனர். வழக்கு அரசவைவரை சென்றது. 48 மணி நேரத்திற்குள் நாட்டைவிட்டு வெளியேறாவிடில் தூக்கு என்று 1723-இல் அரசன் ஆணையிட்டான். 1740-இல் புதிய அரசன் பட்டம் ஏறிய பின்னரே வொல்ஃப் ஹாலே திரும்பினார்.

கான்ட் வளர்ந்தது இவ்விரு நீரோட்டங்களும் கலந்த சூழலில். அவருடைய பெற்றோர் பக்திநெறியினர். தந்தை குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி. அவர் பயின்ற பள்ளியை நடத்திய ஷுல்ட்ஸ், பக்திநெறியாளராயிருந்தும் வொல்ஃபிடம் மெய்யியல் கற்றவர். அறவிதி எங்கிருந்து வருகிறது, அதை யார் அறியமுடியும் என்ற கேள்வி கான்ட்டின் இளமையிலேயே அவரைச் சூழ்ந்திருந்தது எனலாம்.

4. விதியும் சுதந்திரமும்

கான்ட் 1785-இல் வெளியிட்ட அறநெறி மெய்யியலின் அடித்தளம் பற்றிய நூலிலும், 1788-இல் வெளிவந்த செய்முறைப் பகுத்தறிவுத் திறனாய்விலும் தம் விடையைத் தந்தார். அதை நம் ஏரிக்கரை வாழ்வின் உவமையால் விளக்குவோம்.

இறால் வாங்கும் வியாபாரி ஒருவர் சரியாக எடைபோடுகிறார். ஏன் என்று கேட்டால், ஏமாற்றினால் மீனவர் அடுத்த நாள் வேறு வியாபாரியிடம் சென்றுவிடுவர் என்கிறார். அவர் செய்வது சரியே. ஆனால் அவரை நடத்துவது இலாபம். மீனவர் செல்ல வேறு வியாபாரி இல்லாத நாளில் அவர் எடைக்கல் என்ன ஆகும்? ஏமாற்றுவது தகாது என்பதற்காகவே சரியாக எடைபோடுகிறவர் வேறு. அவருக்கு விதி நிபந்தனையோடு வருவதில்லை. இவ்வாறு நிபந்தனையின்றிக் கட்டளையிடுவதே அறவிதி. ஒருவன் எந்தக் கொள்கையின்படி நடக்கிறானோ, அதை எல்லாருக்குமுரிய பொதுவிதியாக முரண்பாடின்றி விரும்ப முடியுமா என்பதே அதன் உரைகல்.

இவ்விதியை மனிதனுக்கு இடுவது யார்? அச்சமோ ஆசையோ அரசாணையோ இட்டால் அவன் பிறர்விதிக்கு அடிமை. அவனுடைய சொந்தப் பகுத்தறிவே இட்டால் அவன் தன்விதி உடையவன். சுதந்திரம் என்பது மனம்போன போக்கில் நடப்பதன்று. ஆசை இழுத்த வழியே செல்பவன் ஆசைக்கு அடிமையாவான். தனக்குத் தானே இட்ட நல்விதிக்குக் கட்டுப்படுவதே சுதந்திரம்.

மனிதன் உண்மையிலேயே சுதந்திரன் என்று நமக்கு எப்படித் தெரியும்? இதற்குக் கான்ட் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். குற்றமற்ற ஒருவனுக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்லாவிடில் உனக்கு மரணம் என்று அரசன் ஒருவனை மிரட்டுகிறான். அவன் உறுதியாய் நிற்பானா என்று அவனாலேயே சொல்ல முடியாது. ஆனால் மறுப்பது தன்னால் இயலும் என்பதை அவன் தயக்கமின்றி ஒப்புக்கொள்வான். செய்யவேண்டும் என்று அறிவதாலேயே செய்யமுடியும் என்பதையும் அறிகிறான். விதியே அவனுக்குச் சுதந்திரத்தை அறிமுகம் செய்கிறது.

இங்கிருந்தே விலைக்கும் மாண்புக்கும் உள்ள வேறுபாடு பிறக்கிறது. விலையுள்ள பொருளுக்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம். ஈடு வைக்க இயலாதது மாண்புடையது. தனக்கு விதி வகுக்கவல்ல மனிதன் மாண்புடையவன்; ஆதலால் அவனைப் பிறருடைய நோக்கத்திற்கு வெறும் கருவியாக்குதல் தகாது.

இப்போது பழவேற்காட்டுச் சந்தையின் வாதத்திற்குத் திரும்புவோம். பட்டினியால் தன்னை விற்றவன் இசைந்துதானே விற்றான்? கான்ட் 1797-இல் எழுதிய சட்டவியல் நூல் இவ்வாதத்தை வேரறுக்கிறது. தன் சுதந்திரம் முழுவதையும் மற்றொருவனுக்கு விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் தன்னைத்தானே அழித்துக்கொள்வது. அதைச் செய்த கணமே அவன் ஒப்பந்தத்தைக் காக்கும் கடமையுடைய ஆளாக இல்லாமற் போகிறான். எனவே அது ஒப்பந்தமே அன்று. பசியின் முன் கொடுத்த இசைவு மாண்பை விலையாக மாற்றாது.

5. கான்ட்டின் குறையும் திருத்தமும்

இவ்வளவு தெளிவாகக் கண்டவரும் தம் கொள்கைக்கு எப்போதும் உண்மையாயிருந்தாரில்லை. தம் மாகாணத்தை விட்டு வெளியே செல்லாமலே நாற்பது ஆண்டளவு பூவியல் கற்பித்த கான்ட், 1764-ஆம் ஆண்டு நூலில் ஆப்பிரிக்க மக்களை இழிவாக எழுதினார். 1770-களில் எழுதிய கட்டுரைகளில் மனித இனங்களை மேல் கீழ் என்று வரிசைப்படுத்தினார். எல்லாருக்கும் பொதுவான விதியைத் தேடியவரே ‘எல்லார்’ என்னும் சொல்லின் எல்லையைக் குறுக்கினார்.

1795-இல் வெளியிட்ட நிலையான சமாதானம் பற்றிய நூலில் வேறொரு குரல் கேட்கிறது. அந்நியர் ஒரு நாட்டைக் காணவரலாம், வெல்ல வரலாகாது என்கிறார். வணிகக் களம் அமைப்பதாகச் சொல்லிக் கிழக்கிந்தியாவுக்குள் படைகளைக் கொண்டுவந்து, மக்களை ஒடுக்கி, போரையும் பஞ்சத்தையும் விளைத்த ஐரோப்பியரைக் கண்டிக்கிறார். அநீதியைத் தண்ணீரைப் போலப் பருகிக்கொண்டே, சரியான விசுவாசத்தில் தெரிந்துகொள்ளப்பட்டவராக மதிக்கப்பட விரும்புவோர் என்று அந்நாடுகளைச் சாடுகிறார். அவர் இனக் கருத்துகளை முழுவதும் கைவிட்டாரா என்பதில் ஆய்வாளர் ஒத்த கருத்தினர் அல்லர். ஆயினும் கெல்டிரியாக் கோட்டையின் வணிகர்மீதும் குருவானவர்மீதும் இக்கண்டனம் விழுகிறது என்பதில் ஐயமில்லை.

விதியை மீறும்போது அவ்விதி இல்லாமற்போகட்டும் என்று நாம் விரும்புவதில்லை. நமக்கு மட்டும் ஒரு விலக்கு வேண்டுகிறோம் என்பது கான்ட்டின் கூர்மையான உளவியல் நோக்கு. 1793-இல் சமயம் பற்றி எழுதிய நூலில், இச்சாய்வு மனித இயல்பின் வேர்வரை சென்றிருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். ரோமர் 7-ஆம் அதிகாரத்தின் புலம்பலுக்கு அவர் அருகில் வருகிறார். ஆயினும், வேண்டுவதைச் செய்ய மனிதனால் இயலும் என்பதை அவர் விட்டுவிடவில்லை. கிருபையைப் பற்றி நாம் அவரிடம் கேட்கவேண்டிய கேள்வி இங்கே நிற்கிறது. ஆனால் கிருபையை, செய்யாமைக்குரிய சாக்காக்குவோரிடம் அவர் கேட்கும் கேள்வியும் நிற்கிறது.

6. பாடு: தாமே வகுத்த விதி

கோட்டை இடிந்தது. 1825-இல் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. ஆனால் மீனவரின் பாடு முறை நிலைத்து நின்றது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களின் மீனவர், முகத்துவாரத்தை அடுத்த ஏரிப் பரப்பில் கழி நட்டுச் சுத்துவலை கட்டி இறால் பிடிப்பர். எல்லா இடத்திலும் இறால் ஒன்றுபோல் வருவதில்லை. நல்ல இடத்தை வலியவன் பிடித்துக்கொண்டால் எளியவன் பட்டினி கிடப்பான். ஆகவே இடங்களைச் சீட்டுக் குலுக்கியும் முறை மாற்றியும் பகிர்ந்துகொள்கின்றனர். இன்று நல்ல பாடு கிடைத்தவனுக்கு நாளை மெலிந்த பாடு வரும். இவ்விதியை எழுதியது அரசன் அல்லன். ஊர்க்கூட்டத்தில் மீனவர் தாமே வகுத்தனர், தாமே கட்டுப்படுகின்றனர். விதி வகுப்போரும் விதிக்குட்படுவோரும் ஒருவரேயாகிய சமுதாயத்தைக் கான்ட் மனத்தில் வரைந்தார். அதன் சாயலைப் பள்ளிக்கூடம் பாராத மீனவரிடம் காண்கிறோம். கட்டுப்பாடு இருப்பதாலேயே ஒவ்வொருவனும் வலியவனுக்கு அஞ்சாமல் வலை வீசுகிறான். விதி சுதந்திரத்தின் எதிரி அன்று.

ஆனால் ‘எல்லார்’ என்பவர் யார் என்ற கேள்வி இங்கும் எழுகிறது. பாட்டின் உரிமை, பட்டினவர் குலத்தில் திருமணமான ஆண்களின் தலைக்கட்டைச் சார்ந்தது. அதே ஏரியில் இடுப்பளவு நீரில் நின்று, வாயில் ஓலைப் பறியைக் கவ்வியபடி, கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்க்கு அதில் பங்கில்லை. பாடில்லாத பிற ஊர்களும் உரிமை கேட்டன, பிணக்குகள் எழுந்தன, அரசு அதிகாரிகள் நடுவராக வேண்டியதாயிற்று.

எளிய விடை இதற்கில்லை. எல்லைகளை நீக்கி எவரும் எவ்வளவும் பிடிக்கலாம் என்றால், முகத்துவாரம் தூர்ந்து மெலியும் ஏரியில் இறாலே எஞ்சாது. முதலில் அழிபவரும் எளியவரே. பாட்டை அப்படியே காத்தால் வெளியே நிற்பவர் என்றும் வெளியேதான். பகுத்தறிவின் உரைகல் இங்கே நம்மைக் கேட்பது இது: இவ்விதியை வகுத்த கூட்டத்தில் இருளப் பெண்ணும் அமர்ந்திருந்தால், அவள் ஒப்புக்கொள்ளத்தக்க காரணத்தை நாம் காட்ட முடியுமா? காட்ட முடிந்த பகுதி நிற்கட்டும். முடியாத பகுதி நம் விலக்கு.

7. நம் பணிக்கு

இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்டத்தின் ஆதரவு 1843-இல் நீக்கப்பட்டது. டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில் 1860-இல் ஒழிக்கப்பட்டது. நெதர்லாந்து அரசு 2022 டிசம்பரிலும், அந்நாட்டு மன்னர் 2023 ஜூலை 1 அன்றும் அடிமை வணிகத்திற்காக மன்னிப்புக் கோரினர். நம் நாட்டில் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் இயற்றப்பட்டது. ஆயினும் பழவேற்காடு அமைந்துள்ள திருவள்ளூர் மாவட்டத்தின் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும், முன்பணம் வாங்கிய இருளர் குடும்பங்கள் கட்டுண்டு கிடந்து மீட்கப்பட்ட நிகழ்ச்சிகள் இந்நூற்றாண்டிலும் நடந்தன. அவர்களைப் பற்றி அயலார் சொல்வது பழைய வாதமே: இசைந்துதானே வாங்கினார்கள்?

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் சிலருடன் அக்கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துத் திரும்பும் வழியில், ‘ஐயா, அந்தக் குருவானவர் ஞாயிறுதோறும் எதைப் பிரசங்கித்திருப்பார்?’ என்று ஒரு மாணவர் கேட்டார். நான் விடை கூறவில்லை. நம்மைப் பற்றியும் ஒருநாள் இவ்வாறு கேட்கப்படும் என்பது மட்டும் தோன்றியது. கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பகுதி வைத்திருக்கும் சபையில், சேகரத்தார் நடத்தும் சூளையில் முன்பணத்திற்குக் குழந்தையும் உழைக்கும் ஊரில், நாம் பத்துக் கட்டளைகளை வாசிக்கிறோம். அறவிதியை நம் மக்கள் அறிந்தே இருக்கின்றனர். ‘எனக்கு மட்டும்’ என்று அவர்கள் கேட்கும் விலக்கையும், நாம் கேட்கும் விலக்கையும் பெயர் சொல்லிச் சுட்டுவது போதகரின் கடமை. அதைச் செய்யாதவரையில் நம் பிரசங்கம் கோட்டைக்குள் ஒலித்த பிரசங்கமாகவே இருக்கும்.